மீன் எப்போது கடிக்கும்? ஈயக்குட்டைக் கரையில் ஓர் அறிவியல் பாடம்

சனிக்கிழமை காலை ஏழேகால் மணி. பூச்சோங் வட்டாரத்தில் ஒரு குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் பழைய ஈயக்குட்டை. கரையில் ஆறேழு பேர் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் மூத்த ஒரு பெரியவர் கிளம்பும் எண்ணத்தில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் படிவம் மூன்று படிக்கும் பையன் ஒருவன் அப்போதுதான் வந்து நாற்காலியை விரித்தான்.

"தம்பி, ஆறரைக்கே வந்திருக்கணும். வெயில் ஏறிட்டா ஒண்ணும் கடிக்காது" என்றார் பெரியவர்.

"இல்லீங்க தாத்தா, போன வாரம் பத்து மணிக்குத்தான் எனக்கு மூணு மாட்டுச்சு" என்றான் பையன்.

பெரியவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் இருவருடைய வாளியையும் எட்டிப் பார்த்தேன். பெரியவரின் வாளியில் ஒரு விரால் கிடந்தது. பையன் போன வாரம் பிடித்தது என்ன மீன் என்று கேட்டேன். திலாப்பியா என்றான். விஷயம் அங்கேயே பாதி விளங்கிவிட்டது. இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் அவர்கள் பேசியது இரண்டு வேறு மீன்களைப் பற்றி.

மாணவர்களே, 'மீன் பிடிக்க நல்ல நேரம் எது?' என்று இணையத்தில் தேடினால் நூறு பதில் வரும். வசந்த காலத்தில் போ, இலையுதிர் காலத்தில் போ, காற்றழுத்தம் இறங்கும்போது போ, நிலா உச்சிக்கு வரும்போது போ என்றெல்லாம் இருக்கும். அவற்றில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எழுதப்பட்டவை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை வடக்கே. நமக்கு வசந்தமும் இல்லை, பனிக்காலமும் இல்லை. நம் குட்டைக்கு நாமேதான் கணக்குப் போட வேண்டும். அதற்குத் தேவையான பாடம் முழுவதும் உங்கள் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது.

குட்டை வந்த கதை

முதலில் இந்தக் குட்டைகளைப் பற்றி ஒரு சொல். கோலாலம்பூர் என்ற ஊரே 1857இல் ஈயம் தேடி வந்தவர்களால் உருவானது. கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலக்கும் சேற்று முனையில் இறங்கி, அங்கிருந்து அம்பாங் பக்கம் காட்டுக்குள் போனார்கள். அதன்பின் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் மண்ணைத் தோண்டினார்கள். 1985இல் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பள்ளங்களில் மழைநீர் நிரம்பியது. இன்று பண்டார் சன்வே இருக்கும் இடமும் ஸ்ரீ கெம்பாங்கானில் 'தி மைன்ஸ்' வளாகம் இருக்கும் இடமும் அப்படிப்பட்ட பழைய சுரங்க நிலங்கள்தாம். மிச்சமிருக்கும் பல பள்ளங்கள் சத்தமில்லாமல் குடியிருப்புகளுக்குப் பின்னால் கிடக்கின்றன.

இங்கே ஒரு சிறு திருத்தம். நாம் பேச்சில் 'ஈயம்' என்று சொல்வது வெள்ளீயம்; வேதியியல் குறியீடு எஸ்என். காரீயம் என்பது வேறு தனிமம். அதன் குறியீடு பிபி. தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இந்தக் குட்டைகள் இயற்கை ஏரி போன்றவை அல்ல. ஏரியின் கரை மெல்ல மெல்லச் சரியும். சுரங்கக் குட்டையின் கரை இரண்டடி தள்ளி நேராகக் கீழே போய்விடும். இது மீனுக்கும் முக்கியம், உங்கள் உயிருக்கும் முக்கியம். அதைப் பிறகு பார்ப்போம்.

தண்ணீருக்குள் மூச்சு

ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், இருக்கிறது. ஒரு லிட்டர் நன்னீரில் எவ்வளவு கரையும் தெரியுமா? 25 பாகை செல்சியஸில் சுமார் 8.3 மில்லிகிராம். 30 பாகையில் 7.5 மில்லிகிராம். முப்பதில் ஒரு பங்குகூட இல்லை! நமக்குக் கிடைக்கும் உயிர்வளி பெருஞ்சோறு என்றால் மீனுக்குக் கிடைப்பது ஒரு கைப்பிடி.

தண்ணீர் சூடாகச் சூடாக அந்தக் கைப்பிடியும் குறைகிறது. கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் நீர் கொதிக்கும் முன்பே சிறு குமிழிகள் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கரைந்திருந்த காற்று வெளியேறுகிறது. குட்டையிலும் அதே விதிதான்.

மீனின் நிலைமை இன்னும் மோசம். மீனுக்கு நம்மைப் போல் நிலையான உடல் வெப்பம் இல்லை. தண்ணீர் எவ்வளவு சூடோ, உடலும் அவ்வளவு சூடு. வெப்பம் 10 பாகை கூடினால் உடலின் வேதிவினைகள் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும். உயிர்வளித் தேவையும் கூடும். வரவு குறையும் நேரத்தில் செலவு ஏறுகிறது. சாப்பிட்டதைச் செரிக்கவும் கூடுதலாக உயிர்வளி வேண்டும். மூச்சுக்கே தட்டுப்பாடாக இருக்கும்போது எந்த மீனும் விருந்துக்கு வராது. உங்கள் மண்புழு எவ்வளவு கொழுத்ததாக இருந்தாலும் சரி.

இப்போது நம் குட்டைக்கு வருவோம். பச்சை நிறத் தண்ணீர் என்றால் அதில் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. பகலில் அவை ஒளிச்சேர்க்கை செய்து உயிர்வளியைத் தண்ணீரில் விடுகின்றன. மாலை மூன்று, நான்கு மணி வாக்கில் அது உச்சத்துக்குப் போகும். சூரியன் மறைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும். ஆனால் சுவாசம் நிற்காது. பாசி, மீன், நத்தை, சேற்றில் உள்ள நுண்ணுயிர் எல்லாம் இரவு முழுவதும் உயிர்வளியைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். கணக்கு எப்போது அடிமட்டத்துக்கு வரும்? விடியற்காலையில்!

'விடிகாலைதான் சிறந்த நேரம்' என்ற பொது விதி இங்கேதான் உடைகிறது. தெளிந்த தண்ணீரிலும் ஓடும் ஆற்றிலும் அந்த விதி செல்லும். பாசி மண்டிய குட்டையில் விடிகாலை என்பது மீன்கள் மூச்சுக்குத் தவிக்கும் நேரம். நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும் மீன் கூட்டத்தை நீங்கள் பார்த்தால், அவை பசியோடு வந்திருக்கின்றன என்று எண்ணி இரையைப் போடாதீர்கள். காற்றோடு உரசிக்கொண்டிருக்கும் மேல்படல நீரில் மட்டும் கொஞ்சம் உயிர்வளி இருப்பதால் அங்கே வந்திருக்கின்றன. மீன் வளர்ப்பவர்கள் பலர் வெயில் வந்த பிறகே முதல் தீனியைப் போடுவதற்கும் காரணம் இதுவே. நம் பையனுக்குப் பத்து மணிக்குத் திலாப்பியா மாட்டியதில் ஆச்சரியமில்லை. அதற்குள் பாசிகள் மூன்று மணி நேரம் வேலை செய்து முடித்திருந்தன. தவிர, திலாப்பியா பெரும்பாலும் பகலில் மேயும் மீன்.

விரால் ஏன் கவலைப்படுவதில்லை?

அப்படியானால் பெரியவரின் விரால் விடிகாலையில் எப்படிக் கடித்தது? மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று அழைக்கும் இந்த மீனுக்குச் செவுளுக்கு மேலே ஒரு சிறு அறை இருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அந்த அறையில் வைத்துக்கொள்ளும். அங்குள்ள இரத்தக் குழாய்கள் காற்றிலிருந்து நேரடியாக உயிர்வளியை எடுத்துக்கொள்ளும். மலாயில் கெலி எனப்படும் கெளுத்திக்கு அதே வேலைக்குக் கிளை கிளையாகப் பிரிந்த ஓர் உறுப்பு உண்டு. பனையேறிக் கெண்டைக்கும் உண்டு. அதுதான் மலாயில் புயு. ஈரமான நாளில் குட்டையை விட்டு நிலத்தில் ஊர்ந்துபோகக்கூட அதனால் முடியும்.

ஆகவே குட்டையில் உயிர்வளி வற்றிய நேரத்தில் மற்ற மீன்கள் தள்ளாடும்; விரால் மட்டும் வெளியிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு தெம்பாக இருக்கும். தள்ளாடும் சின்ன மீன் அதற்குச் சுலபமான காலை உணவு. நீர்மட்டத்தில் 'ப்ளக்' என்று ஒரு சத்தமும் சிறு வளையமும் தோன்றினால் அது விரால் காற்று குடித்த அடையாளமாக இருக்கலாம். பழகிய தூண்டில்காரர்கள் அந்த வளையத்தைக் குறிவைத்துத்தான் வீசுகிறார்கள்.

விராலுக்கு இன்னொரு வசதி, வெளிச்சம். மீனின் விழித்திரையில் பகல் பார்வைக்குக் கூம்பு அணுக்களும் இருட்டுப் பார்வைக்குக் கோல் அணுக்களும் உள்ளன. நம் கண்ணிலும் அப்படியே. ஆனால் மீனின் கண்மணி நம்முடையது போல் சட்டென்று சுருங்கி விரிவதில்லை. பெரும்பாலான மீன்களில் அந்த அணுக்களே விழித்திரைக்குள் இடம் மாறி, பகல் முறையிலிருந்து இரவு முறைக்குப் போகின்றன. அதற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த இடைவெளியில் சின்ன மீன்களின் பார்வை தடுமாறும். கீழே இருட்டில் பதுங்கியிருக்கும் வேட்டை மீனுக்கோ, வெளிறிய வானத்தின் பின்னணியில் இரை நிழலாகத் தெரியும்.

இதில் நம் ஊருக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. லண்டனில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைந்த பிறகு அந்தி வெளிச்சம் முக்கால் மணி நேரம் நீடிக்கும். இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கீழே இறங்குவதால் 20 நிமிடத்துக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். வெளிநாட்டுப் புத்தகம் 'அந்தி நேரத்தில் மீன் பிடி' என்று சொன்னால், அந்த நேரம் நமக்குப் பாதிகூட இல்லை. காலையில் 7 மணியிலிருந்து 7.30க்குள் சூரியன் உதிக்கும்; மாலையில் 7 மணியிலிருந்து 7.30க்குள் மறையும். ஆண்டு முழுவதும் இதில் பெரிய மாற்றம் கிடையாது. அந்தப் பொழுதுக்குத் தூண்டிலைத் தயாராக வைத்திருக்க வேண்டும். முள் கட்டிக்கொண்டிருந்தால் இருட்டிவிடும்.

கெளுத்திக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. அதன் மீசையிலும் உடல் தோலிலும்கூடச் சுவை அரும்புகள் இருக்கின்றன. முழு உடம்பும் ஒரு நாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்மிருட்டிலும் சேற்றிலும் அது மோப்பத்தாலும் சுவையாலும் இரை தேடும். கெளுத்தி பிடிப்பவர்கள் இரவில் நாற்றமடிக்கும் இரையோடு உட்காருவது வெறும் பழக்கம் அல்ல.

மத்தியானத்து மூன்று அடுக்கு

வெயில் ஏறினால் குட்டைக்குள் ஒரு பிரிவினை நடக்கிறது. மேல் நீர் சூடாகி இலேசாகிறது. கீழ் நீர் குளிர்ந்து கனமாகவே இருக்கிறது. இரண்டும் கலப்பதில்லை. நீந்தும்போது மார்பு வரை வெதுவெதுப்பாகவும் கால் பக்கம் சில்லென்றும் இருப்பதை உணர்ந்திருப்பீர்கள். இடையில் வெப்பம் சட்டென்று மாறும் ஒரு மெல்லிய அடுக்கும் இருக்கும்.

குளிர் நாடுகளில் இந்த அடுக்குகள் உருவாகப் பல பாகை வித்தியாசம் வேண்டும். நமக்கு ஒன்றிரண்டு பாகையே போதும். ஏன்? தண்ணீரின் அடர்த்தி வெப்பத்தோடு ஒரே சீராக மாறுவதில்லை. 4 பாகையிலிருந்து 5 பாகைக்குப் போகும்போது ஒரு கன மீட்டர் நீரின் நிறை 8 கிராம்தான் குறைகிறது. 29இலிருந்து 30க்குப் போகும்போது கிட்டத்தட்ட 300 கிராம் குறைகிறது. அதே ஒரு பாகை மாற்றம். ஆனால் விளைவு முப்பது மடங்குக்கும் மேல்! வெப்பமண்டலக் குட்டை சுலபமாகப் பிரிந்துகொள்வதன் இரகசியம் இதுதான்.

ஆழமான ஈயக்குட்டையின் அடியடுக்கில் வெளிச்சம் இல்லை, ஒளிச்சேர்க்கை இல்லை, மேலிருந்து காற்றும் வருவதில்லை. உயிர்வளி அங்கே ஏறத்தாழ வற்றிப்போயிருக்கும். ஆகவே 'நல்ல மீன் எல்லாம் ஆழத்தில் இருக்கும்' என்று நினைத்து மத்தியானத்தில் பத்து மீட்டர் ஆழத்துக்கு இரையை இறக்குவது வீண் வேலை. மேலே சூடு அதிகம். கீழே மூச்சு இல்லை. மீன்கள் இரண்டுக்கும் நடுவில் ஒதுங்கும். அல்லது மரநிழல், ஆகாயத்தாமரைக் கூட்டம், பாலத்தடி, காற்று அடித்துச் சிற்றலை எழும் கரை, ஓடைத் தண்ணீர் வந்து விழும் வாய் என்று தேடிப் போகும். மத்தியானத்தில் 'எப்போது' என்ற கேள்வியைவிட 'எங்கே' என்ற கேள்வியே பெரிது.

மழைக்கு முன், மழைக்குப் பின்

கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்கிறது. மார்ச், ஏப்ரலில் ஓர் உச்சம். அக்டோபர், நவம்பரில் இன்னோர் உச்சம். இரண்டு பருவக் காற்றுகளுக்கு இடைப்பட்ட அந்த மாதங்களில் காலை வெயில் கொளுத்தும், மதியம் மேகம் திரளும், மாலையில் இடியோடு கொட்டும். ஜூன், ஜூலை ஒப்பீட்டளவில் காய்ந்த மாதங்கள்.

சாதாரணத் தூறல் மீனுக்கும் தூண்டில்காரருக்கும் நல்லது. துளிகள் நீர்மட்டத்தைக் கலைத்து உயிர்வளியைச் சேர்க்கின்றன. கரையிலிருந்து புழுவும் பூச்சியும் அடித்து வரப்படுகின்றன. வெளிச்சம் மங்குவதால் மீன்கள் துணிந்து மேலே வருகின்றன. அதோடு துளி விழும் சத்தம் உங்கள் காலடிச் சத்தத்தையும் மறைக்கும்.

பேய்மழை வேறு கதை. குளிர்ந்த மழைநீர் கனமாக இருப்பதால் கீழே இறங்குகிறது. காற்றும் சேர்ந்து குட்டையைக் கலக்குகிறது. அடியில் அடைபட்டிருந்த உயிர்வளியற்ற நீர், சேற்று வாயுக்களோடு மேலே வந்துவிடும். மேலே இருந்த நல்ல நீரும் கெட்டுப்போகும். ஒரு பெருமழைக்கு அடுத்த காலை ஏரிகளில் மீன்கள் செத்து மிதக்கும் படங்களைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். உடனே 'யாரோ விஷம் கலந்துவிட்டார்கள்' என்று பேச்சு எழும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் குட்டை தலைகீழாகப் புரண்டதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மேகமூட்டமாக இருந்தாலும் இதே ஆபத்து உண்டு. பாசிகளுக்கு வெயில் கிடைக்காததால் சேமிப்பே இல்லாமல் இரவு தொடங்குகிறது.

ஆறுகளில் கணக்கு மாறும். உலு லங்காட், கோலா குபு பாரு பக்கத்து ஆறுகள் ஓடிக்கொண்டே இருப்பதால் உயிர்வளித் தட்டுப்பாடு குறைவு. மழைக்குப் பின் தண்ணீர் தே தாரே நிறத்துக்கு மாறும்போது கண்ணால் வேட்டையாடும் மீன்களுக்கு ஒன்றும் தெரியாது. மோப்பம் பிடிக்கும் மீன்கள் மட்டும் கரையோரம் மேயும். நீர் வடிந்து மெல்லத் தெளியத் தொடங்கும் ஒரு நாள், இரண்டு நாள்தான் ஆற்றில் பொன்னான நேரம் என்பது என் அனுபவம்.

காற்றழுத்தமானி கதை

தூண்டில் கடைகளில் காற்றழுத்தம் காட்டும் கடிகாரங்கள்கூட விற்கிறார்கள். அழுத்தம் இறங்கினால் மீன் கடிக்கும் என்பது நம்பிக்கை. அதைக் கொஞ்சம் எண்ணில் பார்ப்போம்.

குளிர் நாடுகளில் ஒரு புயல் கடக்கும்போது அழுத்தம் 20, 30 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கலாம். கோலாலம்பூரில் அப்படிப்பட்ட புயல் கடப்பதே இல்லை. இங்கே அழுத்தம் கடிகாரம் போல நாளுக்கு இரு முறை ஏறி இரு முறை இறங்கும். முற்பகலில் ஏறி, மாலை ஐந்து மணி வாக்கில் இறங்கும். வித்தியாசம் ஏறத்தாழ 3 ஹெக்டோபாஸ்கல். தண்ணீருக்குள் ஒரு மீட்டர் ஆழம் போனால் அழுத்தம் எவ்வளவு கூடும்? சுமார் 98 ஹெக்டோபாஸ்கல். அதாவது வானம் நாள் முழுவதும் செய்யும் மாற்றத்தை ஒரு மீன் மூன்று சென்டிமீட்டர் மேலே ஏறினாலே சந்தித்துவிடும். வாலை ஒரு தடவை ஆட்டினால் போதும்!

அழுத்தம் இறங்கும் நேரத்தில் மாலையில் மீன் கடிக்கிறது என்றால், அதே நேரத்தில் வெயில் தணிவதும், மேகம் வருவதும், காற்று வீசுவதும், குட்டையில் உயிர்வளி உச்சத்தில் இருப்பதும் காரணமாக இருக்கக் கூடாதா? இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

நிலா எங்கே வேலை செய்கிறது?

1926இல் அமெரிக்கத் தூண்டில்காரர் ஜான் ஆல்டன் நைட் என்பவர் சூரியனும் நிலாவும் இருக்கும் இடத்தை வைத்து மீன் கடிக்கும் நேரத்தைக் கணிக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார். இன்று கைப்பேசிச் செயலிகளில் வரும் 'சோலூனார்' அட்டவணைகளுக்கு அதுவே மூலம். நிலா தலைக்கு மேலே வரும்போதும் காலுக்குக் கீழே, அதாவது பூமியின் மறுபக்கத்தில், இருக்கும்போதும் மீன்கள் அதிகம் மேயும் என்பது அதன் சாரம்.

கிள்ளானில் இந்தப் பேச்சில் கொஞ்சம் பொருள் உண்டு. கிள்ளான் துறைமுகத்தில் அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாள்களில் கடல் மட்டம் 4 மீட்டருக்கும் மேல் ஏறி இறங்கும். அந்த ஓதம் ஆற்று வாய் வழியாக உள்ளே ஏறி வருகிறது. நீரோட்டத்தின் திசையும் உப்பும் மாறுகின்றன, இரையும் இடம்பெயர்கிறது. பெரிய நன்னீர் இறாலான உடாங் காலாவைத் தேடிப் போகிறவர்கள் ஓத அட்டவணை இல்லாமல் புறப்பட மாட்டார்கள். அந்த இறாலின் குஞ்சுகள் வளர உவர்நீர் தேவை என்பதால் அதன் வாழ்க்கையே ஆற்று வாயோடு பிணைந்தது.

பூச்சோங் குட்டைக்கு ஓதம் கிடையாது. நிலா குட்டையின் இந்தக் கரையையும் அந்தக் கரையையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் இழுக்கிறது. வித்தியாசம் இருந்தால்தான் நீர் ஏறி இறங்கும். குட்டையில் நிலா செய்யக்கூடியது இரவில் வெளிச்சம் தருவது. அது கண்ணால் வேட்டையாடும் மீனுக்கு உதவலாம். அட்டவணைக்குப் பணம் கட்டும் முன் யோசியுங்கள்.

எண்ணிப் பார்க்காத ஏமாற்றம்

இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு மாணவி ஆறு சனிக்கிழமை காலைகளில் தலா இரண்டு மணி நேரம் தூண்டில் போட்டாள். மொத்தம் 9 மீன். ஒரே ஒரு நாள் பிற்பகலில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். 2 மீன். 'காலையில் 9, மாலையில் 2. காலைதான் சிறந்தது' என்று எழுதிவிட்டாள். சரியா?

மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். காலையில் 12 மணி நேரத்துக்கு 9, அதாவது மணிக்கு 0.75. மாலையில் 2 மணி நேரத்துக்கு 2, அதாவது மணிக்கு 1. முடிவு தலைகீழாகிவிட்டது! ஆனால் உடனே 'மாலைதான் சிறந்தது' என்றும் சொல்லக் கூடாது. ஒரே ஒரு மாலையை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மீன்வள ஆய்வாளர்கள் இப்படித்தான், ஒரு குறிப்பிட்ட உழைப்புக்கு எவ்வளவு மீன் கிடைத்தது என்று கணக்கிடுகிறார்கள். பெரியவர்கள் பலர் காலையிலேயே போவதால் காலையிலேயே மீன் கிடைத்த நினைவுகள்தாம் அவர்களிடம் நிறைய இருக்கின்றன. ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய காலைகளை யாரும் கதையாகச் சொல்வதில்லை. அவற்றையும் எழுதி வையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, வந்த நேரம், போன நேரம், வானம், மீன் வகை, எண்ணிக்கை. கூடவே நூலில் கட்டிய ஒரு வெப்பமானியால் நீர்மட்டத்திலும் ஒரு மீட்டர் ஆழத்திலும் வெப்பத்தை அளங்கள். ஆழத்தில் இரண்டு நிமிடம் வைத்து, விரைவாக மேலே இழுத்துப் படியுங்கள். ஒரு வெள்ளைத் தட்டை நூலில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் அது கண்ணுக்கு மறைகிறது என்று குறித்தால் நீரின் கலங்கல் தெரிந்துவிடும். இரையையும் இடத்தையும் மாற்றாமல் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். அறிவியல் திட்டப்பணிக்கு இதைவிடச் செலவு குறைந்த தலைப்பு கிடைக்காது. ஆளில்லாத குட்டைக்குப் பதிலாகப் பெரியவர் துணையோடு கட்டணக் குளத்துக்குப் போவது நல்லது.

மீனை வீட்டுக்குக் கொண்டு போவது பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சுரங்கக் குட்டைகளின் சேற்றில் ஆர்செனிக், காரீயம் போன்றவை இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நகரத்துக் கால்வாய்க்கும் பிரிக்பீல்ட்ஸ் ஓரமாக ஓடும் கிள்ளான் ஆற்றுக்கும் வேறு அழுக்குகள் உண்டு. அங்கே பிடித்ததைச் சமைக்க வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்து, முள்ளை எடுத்து, திரும்ப விட்டுவிடுங்கள். உலர்ந்த கை மீனின் மேலுள்ள வழவழப்பான பாதுகாப்புப் பூச்சை உரித்துவிடும். ஆனால் நீங்கள் வீட்டில் வளர்த்த மீனைக் கொண்டுபோய் விடாதீர்கள். நம் ஆறுகளை நிரப்பிவிட்ட 'இக்கான் பண்டாராயா' என்ற உறிஞ்சுவாய்க் கெளுத்தி தென்னமெரிக்காவிலிருந்து வண்ணமீன் தொட்டிகள் வழியாக வந்த விருந்தாளிதான். சில பூங்கா ஏரிகளில் மீன் பிடிக்கத் தடை இருக்கிறது; அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டுத் தூண்டிலை விரியுங்கள்.

சிவந்த குஞ்சுக் கூட்டம் ஒன்று பந்து போல நீர்மட்டத்தில் நகர்வதைப் பார்த்தால் அதன் அடியில் தாய் தந்தை விராலோ தோமானோ காவல் நிற்கும். இரையை வீசினால் நிச்சயம் பாயும்; பசியால் அல்ல, பிள்ளையைக் காக்க. அந்த மீனைப் பிடித்தால் குஞ்சுகள் சில மணி நேரத்தில் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அங்கே வீசாமல் தள்ளிப் போய்விடுவதே முறை.

நான்கரை மணி மேகம்

இதுவரை சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பச்சைக் குட்டையில் கிடைக்கும் மிகச் சிறந்த வேளைகளில் ஒன்று பிற்பகல் நான்கு மணிக்கு மேல் வருகிறது. உயிர்வளி உச்சம், வெயில் தணிவு, மேகம், இலேசான காற்று. சிக்கல் என்னவென்றால், அதே மேகம்தான் இடிமேகம்.

ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள்கள் இடி கேட்கும் வட்டாரம் நம்முடையது. உலகிலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் ஒன்று. இன்றைய தூண்டில் கோல்கள் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். திறந்த வெளியில், தண்ணீர் ஓரத்தில், மூன்று மீட்டர் கார்பன் கோலை வானத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதை நீங்களே கற்பனை செய்து பாருங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே வினாடிகளை எண்ணுங்கள். ஒலி மூன்று வினாடியில் ஒரு கிலோமீட்டர் போகும். முப்பது வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். தனி மரத்தடியும் சுவரில்லாத குடிலும் பாதுகாப்பு அல்ல. கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே திரும்ப வரலாம்.

ஆற்றில் இருப்பவர்கள் தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் நம்பக் கூடாது. தித்திவாங்சா மலைத்தொடரில் மழை கொட்டினால் இங்கே வெயில் அடிக்கும்போதே 'கெப்பாலா ஆயர்' எனும் வெள்ளம் திடீரென்று வந்து விழும். தெளிந்த நீர் சட்டென்று கலங்கினால், இலைக்குப்பை மிதந்து வந்தால், நீரின் இரைச்சல் மாறினால், சாமானை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏறுங்கள். புறப்படும் முன் மெட்மலேசியாவின் வானிலை எச்சரிக்கையையும் வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இன்ஃபோபஞ்சிர் பக்கத்தில் ஆற்று மட்டத்தையும் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஈயக்குட்டையில் சிக்கிய முள்ளை எடுக்க ஒருபோதும் தண்ணீரில் இறங்காதீர்கள். முள் ஐம்பது காசு. இரண்டாவது அடியில் தரை இருக்காது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதற்குத்தான். அடியில் உள்ள சேறும் காலை விடாது. யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காமல், கோலையோ கயிற்றையோ காலி வாளியையோ பனிப்பெட்டியையோ அவர் கைக்கு எட்டும்படி வீசுங்கள். 999ஐ அழையுங்கள்.

அன்று மாலை அதே குட்டைக்கு நான் திரும்பப் போனேன். காலையில் பார்த்த பையன் இன்னும் இருந்தான். அவனுடைய அப்பாவும் வந்திருந்தார். நான்கரை மணி. தென்மேற்கில் மேகம் கறுத்து எழுந்தது. தக்கை இரண்டு முறை துள்ளியது. பையன் கோலில் கை வைத்தான். தூரத்தில் ஒரு வெளிச்சம். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று அவன் சத்தமாக எண்ணத் தொடங்கினான். இருபத்திரண்டில் இடி கேட்டது. நூலைச் சுருட்டிவிட்டு, நோட்டை எடுத்து எழுதினான்: 'மாலை 3.10 முதல் 4.35 வரை. திலாப்பியா 4. இடி.' பிறகு மூவரும் காரை நோக்கி நடந்தோம்.